ஸயான் பாறைப் பள்ளத்தாக்கில் காப்பாற்ற என்ன இருக்கிறது?

கோடை விடுமுறையில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். வரிசையில் நின்று பேருந்து ஏறி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள்: "சிவப்புப் பாறையையும் மணலையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. பல்லுயிர்ப் பாதுகாப்பு என்று போகிற இடமெல்லாம் பலகை வைத்திருக்கிறார்களே, எதைப் பாதுகாக்கிறார்கள்? வருஷத்துக்கு ஐம்பது லட்சம் பேர் மிதிக்கிற இடத்தில் என்ன மிஞ்சும்? பேசாமல் மூடிவிட்டால் என்ன? மறுபடி போனால் எதைப் பார்க்கவேண்டும்?" இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாகப் படுகிறது. அங்குள்ள உயிர்களுக்கு முதல் எதிரி நாம் பார்த்த அந்தக் கூட்டம்தானா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் படித்தது ஆற்றோரத் தாவரங்களைப் பற்றி. யூட்டா, அரிசோனா பகுதிகளின் பாறைப் பள்ளத்தாக்குகளில் மரக்கன்று எண்ணுவதும் மண் பார்ப்பதுமாகப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அதனால் செடி, கொடி, ஆறு பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் உறுதியோடு சொல்வேன். பறவைகளையும் ஆடுகளையும் பற்றிச் சொல்வது அந்தத் துறைக்காரர்களின் வேலையைப் படித்தும் அவர்களோடு பேசியும் தெரிந்துகொண்டது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: கூட்டம் ஒரு சிக்கல்தான், ஆனால் ஸயானில் நடந்திருக்கும் பெரிய சேதங்களில் பல, கூட்டம் இல்லாத இடத்திலும், கூட்டம் வருவதற்கு முன்பும், பூங்காவின் எல்லைக்கு வெளியிலும் தொடங்கியவை. பூங்காவை மூடினால் அவற்றில் பாதிகூடச் சரியாகாது.

முதலில், அங்கே என்ன இருக்கிறது என்பது. ஸயான் பெரிய பூங்கா இல்லை. சுமார் 593 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் தென்மேற்கு மூலையில் கடல் மட்டத்திலிருந்து 1,117 மீட்டரில் தொடங்கும் தரை, வடக்கே ஹார்ஸ் ராஞ்ச் மலையில் 2,660 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. கீழே மொஹாவி பாலைவனத்தின் கள்ளிகளும் பாலை ஆமையும். மேலே பனி விழும் பைன், ஃபிர் காடுகள். கொலராடோ மேட்டுநிலம், கிரேட் பேசின், மொஹாவி பாலை என்ற மூன்று பெரிய இயற்கைப் பரப்புகள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் இந்தப் பூங்கா உட்கார்ந்திருக்கிறது. ஆயிரத்தை ஒட்டிய தாவர வகைகள் இங்கே பதிவாகியிருப்பதற்கு இதுதான் முதல் காரணம். நீங்கள் பேருந்தில் போன பள்ளத்தாக்கு அந்தப் பரப்பில் ஒரு சின்னக் கீற்று. வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கீற்றைத் தாண்டுவதில்லை. பூங்காவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் 2009-ல் சட்டப்படி வனப்பரப்பாக அறிவிக்கப்பட்டு, சாலையோ கட்டடமோ வரமுடியாதபடி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது காரணம் அந்தப் பாறையே. நீங்கள் அண்ணாந்து பார்த்த செங்குத்துச் சுவர்கள் நவஹோ மணற்கல் எனப்படும் படிவம். ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், சகாரா போலப் பரந்து கிடந்த மணற்குன்றுகள் இறுகி உண்டானது. ஸயானில் அதன் கனம் 600 மீட்டருக்கு மேல். மணல் மணலாக ஒட்டி நிற்கும் கல் என்பதால் அதனுள் நுண்ணிய இடைவெளிகள் ஏராளம். மேட்டுநிலத்தில் விழும் மழையும் உருகும் பனியும் இந்த இடைவெளிகளிலும் விரிசல்களிலும் புகுந்து மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன. நவஹோ கல்லுக்கு அடியில் கயென்டா படிவம் இருக்கிறது. அதில் களிமண் கலந்த அடுக்குகள் அதிகம், தண்ணீர் எளிதில் இறங்காது. இறங்க வழியில்லாத நீர் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர் வெட்டுப்பட்ட இடத்தில் கசிகிறது. வீப்பிங் ராக் என்ற இடத்தில் சொட்டும் தண்ணீர் மழையாக விழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பது கார்பன் காலக்கணிப்பின் மதிப்பீடு. துல்லியமான வயதைப் பிடித்துத் தொங்கவேண்டாம். இப்படிப்பட்ட கணிப்புகளில் இடைவெளி பெரிதாகவே இருக்கும். மிக மெதுவாக நகரும் பழைய தண்ணீர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அந்தக் கசிவுக் கோட்டில்தான் தொங்கு தோட்டங்கள் என்று சொல்லப்படும் பசுமைத் திட்டுகள் பாறையில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. நம் ஊர்க் கிணற்றுச் சுவர்களில் தழைக்கும் மெல்லிய கருங்காம்புப் பெரணிகள் இருக்கின்றன அல்லவா, அதே அடியாண்டம் இனத்துப் பெரணி அங்கே சுவர் முழுக்கத் தொங்கும். மஞ்சள் நிறக் கொலம்பைன், சிவந்த மங்கிஃப்ளவர், ஸயான் ஷூட்டிங் ஸ்டார் என்ற ஊதா நிறப் பூ எல்லாம் அதே சுவரில். இரண்டு அடி தள்ளி வெயிலில் காயும் பாறையில் கள்ளி நிற்கும். இந்தக் கசிவுகளில் நான் அதிக நேரம் செலவிட்டது ஒரு நத்தைக்காக. ஸயான் நத்தை, விலங்கியலில் ஃபைசெல்லா ஸயோனிஸ். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கின் ஈரச் சுவர்களில் மட்டுமே. நீளம் சில மில்லிமீட்டர். முதலில் பார்க்கிறவர்கள் பாறையில் ஒட்டிய கருமணல் என்றே நினைப்பார்கள். முகத்தைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரே புள்ளியை விடாமல் பார்த்தால், அது நகர்ந்திருப்பது தெரியும். அதன் ஓட்டின் வாய் அகலமானது. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பாதம் பெரிது. செங்குத்துச் சுவரில் ஒரு படலம் போல ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் பிடித்துக்கொள்ள அந்தப் பாதம் உதவுகிறது. பாறையில் படியும் நுண்பாசியைச் சுரண்டித் தின்கிறது. நீங்கள் 'ஒன்றுமில்லை' என்று கடந்து வந்த ஈரச் சுவரில் இது நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். ஒரு கசிவு வற்றினால் அந்தச் சுவரின் நத்தைகள் வேறு எங்கும் போகமுடியாது.

கசிவு வற்றுமா என்று கேட்டால், இங்கேதான் உறுதியும் ஊகமும் பிரிகின்றன. 2000-க்குப் பிறகு அமெரிக்கத் தென்மேற்கில் நீடிக்கும் வறட்சி, மர வளையங்களிலிருந்து கணித்தால், கடந்த 1,200 ஆண்டுகளில் மிக மோசமானவற்றில் ஒன்று என்பது நிறுவப்பட்ட செய்தி. பனி குறைந்தால் பாறைக்குள் இறங்கும் நீரும் குறையும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் பாறைக்குள் நீர் ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பயணம் செய்கிறது என்றால், இன்றைய வறட்சியின் விளைவு பெரிய ஊற்றுகளில் உடனே தெரியாமல் போகலாம். விரிசல் வழியாக வேகமாக நீர் பெறும் சின்னக் கசிவுகள் முதலில் அடிபடலாம். இது என் ஊகம். நிரூபணமான விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைவிட நேரடியான ஆபத்து ஆழ்துளைக் கிணறு. பூங்காவைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தின் ஒரு பகுதி தனியார் நிலம். வீடுகளும் விடுதிகளும் அங்கே பெருகினால், அதே மணற்கல்லிலிருந்துதான் தண்ணீர் எடுப்பார்கள். இந்தக் கவலையால்தான் 1996-ல் மத்திய அரசும் யூட்டா மாநிலமும் உள்ளூர் நீர் வாரியங்களும் பூங்காவின் நீருரிமை பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பூங்காவுக்கு மேலே பெரிய அணைகள் வராமலும், ஆற்றின் ஓட்டம் கெடாமலும் இருக்க அது வரம்பு வகுத்தது. சுற்றுலாப் பயணி யாரும் கேள்விப்படாத அந்தக் காகிதம், பள்ளத்தாக்கின் நத்தைக்கும் மீனுக்கும் எத்தனையோ எச்சரிக்கைப் பலகைகளைவிட அதிகம் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது ஆறு. விர்ஜின் ஆற்றின் வடகிளைதான் இந்தப் பள்ளத்தாக்கை அறுத்தது. அதன் கரையில் நிழல் தந்து நின்ற பெரிய மரங்கள் ஞாபகம் இருக்கும். ஃபிரீமாண்ட் காட்டன்வுட், பாப்ளர் குடும்பத்து மரம். அடுத்த தடவை ஒன்று செய்து பாருங்கள்: முதிர்ந்த மரங்களை விட்டுவிட்டு, உங்கள் இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரையுள்ள இளமரங்களைத் தேடுங்கள். பிரதான பள்ளத்தாக்கில் மிக அரிதாகவே கிடைக்கும். தாத்தாக்கள் இருக்கிறார்கள், பேரன்கள் இல்லை. எனக்கு ஸயானில் மிகப் பெரிய கவலை இதுதான், ஏனென்றால் அந்த நிழலை நம்பிப் பூச்சியும் பறவையும் தவளையும் மீனும் இருக்கின்றன. முதிர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாக விழும்போது இடத்தைப் பிடிக்க ஆள் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, இந்த மரம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியவேண்டும். வசந்த காலத்தின் பின்பகுதியில் பஞ்சோடு பறக்கும் அதன் விதைக்கு உயிர் சில வாரங்கள்தான். பனி உருகி வரும் வெள்ளம் வடியும்போது வெளிப்படும் ஈர மணல், வேறு செடி எதுவும் இல்லாத வெறும் மணல், அதில் விழுந்தால் ஓரிரு நாளில் முளைக்கும். பிறகு நீர் மட்டம் கீழே போகப் போக வேர் அதைத் துரத்திக்கொண்டு போகவேண்டும். நாளொன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவு நீர் இறங்கினால் வேர் கூடவே இறங்கும், அதைவிட வேகமாக இறங்கினால் கன்று காய்ந்துவிடும். முதல் கோடையைத் தாண்டினால் அடுத்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாத உயரத்தில் இருக்கவேண்டும். ஆக, வெள்ளம் கரையைத் தாண்டி விரியவேண்டும், புது மணல் மேடு உண்டாகவேண்டும், மெதுவாக வடியவேண்டும். ஓர் ஆறு தன் இஷ்டப்படி படுக்கையை மாற்றிக்கொள்ள இடம் இருந்தால்தான் இது நடக்கும்.

ஸயானில் அந்த இடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1919-ல். 1920-களில் விடுதியும் சாலையும் ஆற்றோரச் சமதரையில் வந்தன. வெள்ளம் அவற்றை அரிக்கவே, 1930-களில் பெருமந்தக் காலத்து வேலைவாய்ப்புத் திட்டத்தின் இளைஞர்களைக் கொண்டு, கம்பி வலைக்குள் கல் அடுக்கிக் கரைகளைக் கட்டி ஆற்றை ஒரு நேர் கால்வாய் போல ஒடுக்கினார்கள். அந்தக் காலத்தில் அது நல்ல வேலையாகவே பார்க்கப்பட்டது; அந்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒடுக்கப்பட்ட ஆறு தன் படுக்கையை ஆழமாக வெட்டிக்கொண்டது. பக்கத்துச் சமதரை ஆற்றிடமிருந்து துண்டிக்கப்பட்டது. வெள்ளம் அங்கே ஏறுவதில்லை, புது மணல் வருவதில்லை, நிலத்தடி நீரும் வேர்களிடமிருந்து விலகிப் போனது. இன்றும் சில இடங்களில் மணலுக்குள்ளிருந்து துருப்பிடித்த அந்தக் கம்பி வலை எட்டிப் பார்க்கும். கரைகளைப் பிய்த்தெறிந்துவிடலாமே என்றால், அவற்றுக்குப் பின்னால்தான் விடுதியும் உங்கள் பேருந்து ஓடிய சாலையும் இருக்கின்றன. அந்தச் சாலையின் ஒரு பகுதி, சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் சரிந்து ஆற்றையே அடைத்து ஏரியாக்கிய ஒரு மலைச்சரிவின் குப்பைக்குள் போகிறது. 1995-ல் அது மறுபடி நகர்ந்து ஆற்றை மறித்தது; மறிக்கப்பட்ட ஆறு சாலையை அறுத்துக்கொண்டு போய் விடுதியில் இருந்தவர்களைச் சிக்கவைத்தது. ஆற்றுக்கு அங்கே இடம் விட நினைப்பவர்களுக்கு இது லேசான கணக்கு இல்லை.

காட்டன்வுட் விஷயத்தில் இன்னொரு விளக்கமும் உண்டு, அது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிள், ராபர்ட் பெஸ்ச்டா இருவரும் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரதான பள்ளத்தாக்கில் மனித நடமாட்டம் பெருகியதும் பூமா (மலைச் சிங்கம் என்றும் சொல்வார்கள்) அங்கிருந்து ஒதுங்கியது; பூமா போனதும் மியூல் மான்கள் பயமில்லாமல் பெருகின; மான்கள் காட்டன்வுட் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்தன; அதனால் கரை அரித்தது, பூவும் பட்டாம்பூச்சியும் பல்லியும் தவளையும் குறைந்தன என்பது அவர்கள் வாதம். ஒப்பீட்டுக்குப் பக்கத்திலுள்ள நார்த் கிரீக் என்ற ஓடையை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆட்கள் குறைவு, பூமா உண்டு, காட்டன்வுட் எல்லா வயதிலும் நிற்கிறது. படிக்கும்போது அழகாகப் பொருந்துகிறது. மேய்ச்சலின் அடையாளத்தை நீங்களே பார்க்கலாம்: மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் குருத்தைக் கடித்து இழுத்துப் பிய்க்கும், நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த குருத்து கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருக்கும். பிரதான பள்ளத்தாக்கில் நான் குனிந்து பார்த்த கன்றுகளில் நார் நாராகக் கிழிந்த நுனிகளே அதிகம்.

ஆனாலும் இந்த விளக்கத்தை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆற்றை ஒடுக்கியதும், கூட்டம் பெருகியதும், மான் பெருகியதும் ஏறக்குறைய ஒரே இருபது ஆண்டுக்குள் நடந்தவை. நார்த் கிரீக்கில் பூமாவும் உண்டு, கட்டப்பட்ட கரையும் இல்லை. இரண்டு வேறுபாடுகளும் ஒன்றாக வரும்போது எது எவ்வளவு செய்தது என்று பிரித்தெடுப்பது கடினம். என் அபிப்பிராயத்தில் வெள்ளம் ஏறாத தரையில் கன்று முளைப்பதே அபூர்வம். அதையும் தாண்டி முளைத்ததை மான் முடித்துவிடுகிறது. வேலி போட்டு மானை மட்டும் தடுத்தாலும் போதாது, கரையை மட்டும் எடுத்தாலும் போதாது. இதே துறையில் என்னைவிட அனுபவம் மிக்கவர்கள் மானைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எப்படியானாலும், கூட்டத்தின் பங்கு இங்கே கால் மிதியால் வந்தது இல்லை. ஒரு பெரிய வேட்டை விலங்கைக் கூச்சப்படுத்தி விலக்கியதால் வந்தது.

எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குக் காண்டோரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கலிபோர்னியா காண்டோர் வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறவைகளில் ஒன்று. இறக்கை விரித்தால் ஏறக்குறைய 2.9 மீட்டர். 1987-ல் உலகத்தில் மிஞ்சியவை 27 தான். காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கினார்கள். 1996-ல் ஸயானுக்குத் தெற்கே அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸ் பகுதியில் திரும்பவும் விடத் தொடங்கினார்கள். 2019-ல் ஸயானின் ஒரு செங்குத்துச் சுவரில் பிறந்த குஞ்சு, இந்த மீட்புத் திட்டத்தின் ஆயிரமாவது குஞ்சாக எண்ணப்பட்டு, அந்த செப்டம்பரில் பறந்தும் விட்டது. ஸயானில் பிறந்து வெற்றிகரமாகப் பறந்த முதல் குஞ்சு அது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை, பருவமடைய ஆறேழு ஆண்டு என்ற கணக்கில் வாழும் பறவைக்கு ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு. அவை சாவதற்கு முதல் காரணம் ஈயம். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. வெளியே மேட்டுநிலத்தில் மான் வேட்டை உண்டு, அது சட்டப்படியானது. ஈயத் தோட்டா மானுக்குள் நுழைந்ததும் நொறுங்குகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒரே உடலில் நூற்றுக்கணக்கான துணுக்குகள். வேட்டைக்காரர் அங்கேயே விட்டுப் போகும் குடலைத் தின்னும் காண்டோருக்கு நஞ்சு ஏறிவிடுகிறது. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து இந்தியாவின் பாறு கழுகுகளைத் தொண்ணூறுகளில் அழித்ததும் இதே வழியில்தான்: பிணத்தைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் பறவை, பிணத்துக்குள் மனிதன் விட்டுவைத்ததால் செத்தது.

இதற்குச் செய்திருப்பது என்ன என்றால், காண்டோர்களை அவ்வப்போது பிடித்து இரத்தத்தில் ஈயம் பார்க்கிறார்கள், அதிகமிருந்தால் மருந்து கொடுத்து நஞ்சை இறக்கிவிட்டு மறுபடி விடுகிறார்கள். அரிசோனா 2005-லிருந்து வேட்டைக்காரர்களுக்குச் செப்புத் தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்துப் பழக்கியது. யூட்டாவும் பின்னால் சேர்ந்தது. கலிபோர்னியா 2019-லிருந்து வேட்டையில் ஈயத் தோட்டாவையே தடை செய்துவிட்டது. யூட்டாவிலும் அரிசோனாவிலும் இன்னமும் விருப்பத்தின் பேரில்தான். தடை வேண்டும் என்பவர்களும், வேட்டைக்காரர்களைக் கூட்டாளியாக வைத்துக்கொள்வதே நடக்கும் வழி என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் நெருக்கம், ஏனென்றால் அந்த மலைகளில் ஒவ்வொரு தோட்டாவையும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் கிடையாது. போதாக்குறைக்கு 2023-ல் பறவைக் காய்ச்சல் இந்த அரிசோனா-யூட்டா கூட்டத்தில் 21 காண்டோர்களைக் கொன்றது. அதற்கும் பூங்காவுக்கு வரும் ஆட்களின் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

பெருங்கொம்புப் பாலை ஆடுகளின் கதையும் இதே ரகம். வேட்டை, மேய்ச்சல் போட்டி, வீட்டு ஆடுகளிடமிருந்து தொற்றிய நோய் எல்லாம் சேர்ந்து இவை ஸயானிலிருந்து 1950-கள் வாக்கில் மறைந்தன. 1973-ல் வெளியிலிருந்து சில ஆடுகளைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று கிழக்குப் பக்கத்துச் சுரங்கப்பாதையைத் தாண்டினால் வழுக்குப் பாறையில் சர்வசாதாரணமாக நிற்கும். வீட்டுச் செம்மறிகள் நோயில்லாமல் சுமக்கும் ஒரு நிமோனியா கிருமி இவற்றுக்குக் கொடியது. ஒரே ஒரு கிடாய் எல்லை தாண்டிப் போய் ஒரு பட்டியில் மூக்கை உரசிவிட்டுத் திரும்பினால் மந்தைக்கே ஆபத்து. வேலி போட்டு அடைக்கக்கூடிய விலங்கா அது? பக்கத்து நிலத்துக்காரர் என்ன வளர்க்கிறார் என்பதில்தான் அதன் விதி இருக்கிறது.

செடிகளுக்கு இப்படி வெளியிலிருந்து வந்த ஆபத்து சீட்கிராஸ் என்ற வெளிநாட்டுப் புல். குளிர்காலத்திலேயே முளைத்து, மற்றவை விழிக்குமுன் ஈரத்தைக் குடித்து, ஜூன் மாதத்தில் காய்ந்து திரி போல நிற்கும். பாலைவனச் செடிகளுக்கிடையே இயல்பாக வெற்றுத்தரை இருக்கும், தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாது. அந்த இடைவெளியை இந்தப் புல் நிரப்பிவிடுகிறது. எரிந்த நிலத்தில் முதலில் வருவதும் அதுவே; அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வரும். 2006-ன் கோலோப் தீயில் பூங்காவுக்குள் மட்டும் சுமார் 10,000 ஏக்கர் எரிந்த பிறகு, புல் முளைக்குமுன் களைக்கொல்லி தெளித்துத் தடுக்கப் பார்த்தார்கள். இப்படித் தெளிப்பது சில பருவங்களுக்குப் பலன் தரும் என்பது உறுதி. நிரந்தரத் தீர்வா என்றால், நான் பார்த்தவரை இல்லை. இந்த விதை சாலையோரமாக, மாட்டின் காலில், நம் காலுறையில் ஒட்டிக்கொண்டு வரும். அது உள்ளே வர உதவுவது உடைந்த மண் மேலோடு. மணலின் மேல் கறுத்து, குட்டிக் குட்டிக் கோபுரங்கள் போலக் கரடுமுரடாக ஒரு படலம் இருப்பதைக் கவனித்திருக்கலாம். நீலப்பச்சைப் பாசியும் கற்பாசியும் பாசியினங்களும் சேர்ந்து மணலைக் கோத்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. மண்ணுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும், காற்றில் மணல் பறக்காமல் பிடிப்பதும் அதுதான். ஒரு காலடியில் நொறுங்கும்; பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும், கற்பாசிகள் திரும்ப இன்னும் நீண்ட காலம். கூட்டத்தின் கால் நேரடியாகச் செய்யும் சேதம் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அப்படியென்றால் கூட்டத்தை விட்டுவிடலாமா? கூடாது. 2021-ல் முதன்முறையாக வருகை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சின்னக் கீற்றுக்கு அது மிக அதிகம். ஆனால் இங்கே நிர்வாகம் செய்த சில காரியங்கள் வேலை செய்திருக்கின்றன. 2000-லிருந்து, ஆட்கள் அதிகம் வரும் மாதங்களில் தனியார் கார்களைப் பள்ளத்தாக்குக்குள் விடாமல் தடுத்துப் பேருந்து விட்டார்கள். சாலையோரச் செடிகளின் மேல் கார் ஏற்றி நிறுத்தும் வழக்கம் நின்றது, இரைச்சல் அடங்கியது. பெரெக்ரின் வல்லூறுகள் கூடு கட்டும் பாறைச் சுவர்களில் மார்ச் முதல் பாறையேற்றத்தைத் தடுத்து, கூடு இல்லாத சுவர்களை ஏப்ரல் இறுதி வாக்கில் திறந்துவிட்டு, மற்றவற்றைக் குஞ்சுகள் பறந்தபின் திறக்கிறார்கள். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி 1972-ல் தடை செய்யப்பட்டதால்தான் அந்த வல்லூறு பிழைத்தது, அது வேறு கதை. ஆனால் ஸயானில் அது நிம்மதியாகக் குஞ்சு பொரிக்க இந்தச் சின்ன ஏற்பாடு போதுமானதாக இருக்கிறது. குறுகிய பிளவுகளின் நிழலில் வாழும் மெக்சிகன் புள்ளி ஆந்தை 1993-லிருந்து அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதன் பிளவுகளில் இறங்குபவர்களின் எண்ணிக்கையை அனுமதிச்சீட்டால் கட்டுப்படுத்துகிறார்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு 2022-லிருந்து அனுமதிச்சீட்டு வந்ததற்கு நெரிசலும் பாதுகாப்பும் காரணம். அதைப் பல்லுயிர்க் கணக்கில் சேர்ப்பது சரியில்லை.

மூடிப் பார்த்த அனுபவமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் 3-லிருந்து மே 13 வரை பூங்கா மூடியிருந்தது. ஆளில்லாத சாலையில் விலங்குகள் நடமாடும் படங்கள் வந்தன, பலர் 'இயற்கை மீண்டது' என்று எழுதினார்கள். மீண்டது என்று சொல்லமாட்டேன். இருந்த விலங்குகள் இடம் மாறி நடந்தன, அவ்வளவுதான். ஆறு வாரத்தில் ஒரு காட்டன்வுட் மரமாகாது. கரை தானாக உடையாது. காண்டோரின் இரத்தத்தில் ஈயம் குறையாது. நிரந்தரமாக மூடினால் பூமா பள்ளத்தாக்குக்குத் திரும்பலாம், மேலோடு மெல்லத் தேறலாம். அதே சமயம், வந்து பார்த்து நேசித்த லட்சக்கணக்கானோரின் குரல் இல்லாவிட்டால், மேட்டுநிலத்தில் கிணறு தோண்டுவதையோ தோட்டாவை மாற்றுவதையோ பேச அரசியல் பலம் எங்கிருந்து வரும்? அதனால் நான் மூடுவதற்கு எதிர். ஆட்களை நேரத்திலும் இடத்திலும் பரவலாக்குவதற்கும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று பள்ளத்தாக்குக்கு வரம்பு வைப்பதற்கும் ஆதரவு. வரம்பு எத்தனை என்பதை உயிரியல் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதில் உள்ளூர்க்காரர்களின் பிழைப்பும் கலந்திருக்கிறது.

மறுபடி போனால், கோடையைத் தவிர்த்து ஏப்ரல் கடைசியிலோ அக்டோபரிலோ போங்கள். பேருந்தின் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கினால் ரிவர்சைடு வாக் என்ற சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தார்ப்பாதை. வலப்பக்கச் சுவரில் ஈரம் கறுத்துத் தெரியும் இடங்களில் நின்று பெரணியையும், பொறுமை இருந்தால் நத்தையையும் பாருங்கள், சுவரைத் தொடவேண்டாம். பாதையை விட்டு மணலில் இறங்கவேண்டாம். அணிலுக்கு ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். அங்குள்ள பாறை அணில்கள் கடிக்கும், அபராதமும் உண்டு. பூங்காவுக்கு வருமுன் காலணியின் அடியையும் காலுறையையும் விதை இல்லாமல் உதறிவிடுங்கள். ஆற்றில் குழந்தைகள் விளையாடுவதாக இருந்தால் அன்றைய அறிவிப்பைப் படித்துவிட்டு இறங்குங்கள்: 2020 ஜூலையில் இதே ஆற்றில் விளையாடிய ஒரு நாய்க்குட்டி, பாறையில் படியும் நச்சு நீலப்பச்சைப் பாசியால் செத்தது. அதன் பிறகு நீரைப் பரிசோதித்து எச்சரிக்கை போடுகிறார்கள். அந்தப் பாசி ஏன் சில ஆண்டுகளில் பெருகுகிறது என்பதற்கு இன்னும் ஒருமித்த விளக்கம் வரவில்லை. வானத்தில் மிகப் பெரிய கறுப்புப் பறவை இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டால், இறக்கையில் எண் எழுதிய பட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது காண்டோர். எண்ணையும் நேரத்தையும் குறித்துப் பார்வையாளர் மையத்தில் சொல்லிவிட்டு வாருங்கள்.